பெட்டி கேஸ்

பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.
பெட்டி என்றால் சின்னது என்று
வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து
ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரியும்.
அதுவரை நான் நினைத்திருந்தது
எங்கள் ஸ்டேஷன் மூலையில் கிடக்கும்
பச்சைத் தகரப் பெட்டியை.
பிடித்து உள்ளே போடு, மூடு,
மேலே உட்கார்ந்து டீ குடி.

காரைக்குடியில் பெட்டிக்குப் பஞ்சமா?
முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒன்றைத்
திறந்து பார்த்திருக்கிறேன்.
பர்மாத் தேக்கு, பித்தளைப் பூண்.
கடல் தாண்டிய கணக்கெல்லாம்
அதில்தான் வந்து சேர்ந்ததாம்.
விலை, என் மூன்று மாதச் சம்பளம்.
உள்ளே அந்துருண்டை வாசம் மட்டும்.

சட்டத்தில் அதற்குச் சிறு வழக்கு என்று பெயர்.
திருட்டென்றால் பொருள் வேண்டும்.
அடிதடியென்றால் காயம் வேண்டும்.
இதற்கு
ஒரு ஆள் போதும்.

அன்றைக்குத் தேதி முப்பது. எண்ணிக்கையில் இரண்டு குறைந்தது.
மழை விட்ட ராத்திரி, பதினொன்றே கால்,
புதுவயல் ரோட்டில் கடை சாத்திய பிறகும்
பைக்கில் சாய்ந்தபடி
புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றவனை
ஏட்டு மலையரசன் கூட்டிவந்தார்.
விரலெல்லாம் சால்னா.
கழுவிட்டு வந்து கையெழுத்துப் போடு என்றேன்.
நான் காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

சேவுகன், தகப்பனார் அடைக்கலம்,
வயது இருபத்திரண்டு, ஏ.சி. மெக்கானிக்கிடம் கையாள்.
"பொது இடத்தில், பொதுமக்களுக்கு இடையூறாக,
உரத்த குரலில், ஆபாசமாக..."
மனப்பாடமான வாக்கியம்.
செக்குமாடு மாதிரி பேனா தானே சுற்றிவரும்.
பொதுமக்கள் என்று பார்த்தால்
அங்கே நின்றது இரண்டு நாய்.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் முப்பத்தோரு பேர்.
ஒப்புக்கொண்டால் முந்நூறு.
மறுத்தால் வாய்தா,
வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகும், எழுநூறு.
கணக்குத் தெரிந்த பையன்.
"ஒப்புக்கிறேன்யா" என்றான்,
கேள்வி முடிவதற்குள்.
ரசீதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
"இத்தோட முடிஞ்சுதாக்கா?"
முடிஞ்சுது தம்பி.
பெட்டி கேஸ்தானே.

மூன்று வருஷம்.
மீசை வந்திருந்தது, உடம்பு போட்டிருந்தது.
சிங்கப்பூரில் வேலையாம்,
ஏஜெண்டுக்குப் பாதிப் பணம் கட்டியாகிவிட்டதாம்,
நன்னடத்தைச் சான்று ஒன்றுதான் பாக்கி.
கம்ப்யூட்டரில் பெயரை அடித்தது நான்.
வட்டம் சுற்றியது. நின்றது.
ஒரே ஒரு வரி.
குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அபராதம் செலுத்தப்பட்டது.

அவன் கோபப்படவில்லை.
"அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு எழுதினீங்க?"
என்று மட்டும் கேட்டான்.
பெட்டியைத் திறந்து பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி
என் கையெழுத்தை நானே வாசித்தேன்.
உரத்த குரலில் என்ற இடம் வந்தபோது
என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆபாசமான்னா, என்ன சொன்னேனாம்?"

அது இல்லை.
அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

மனுவைத் திருப்பினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
சிறு வழக்கு என்று எழுதினேன்.
சிறு என்பதன் கீழே ஒரு கோடு.
பிறகு இன்னொரு கோடு.
மேலே இதைப் படிக்கப் போகிறவருக்கு
எந்தச் சொல் கண்ணில் படுமோ,
சிறுவா, வழக்கா.
வந்து கேளு, ரெண்டு வாரம் ஆகும் என்றேன்.
தலையாட்டிவிட்டுப் போனான்,
அன்றைக்கு ஒப்புக்கொண்டானே, அதே தலையாட்டல்.

வாசலில் பைக் நிற்கும் சத்தம்.
"ரைட்டரம்மா, இன்னும் நாலு வேணும்ல?"
மலையரசன் யாரையோ கூட்டிவருகிறார்,
தேதி இருபத்தெட்டு.
மேஜையெல்லாம் பேனா மூடியைத் தேடினேன்.
கையில்தான் இருந்தது.